மைக்கில் சொன்னதும் காதில் சொன்னதும்

பெங்களூரு
14.4.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

நிர்மலா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்குச் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? மாத்திரை தீர்ந்திருக்குமே, பஸ் ஓடாத நேரத்தில் யார் வாங்கிவந்து தருகிறார்கள்?

நாலு நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. வார்டில் டியூட்டி என்று நினைத்திருப்பாய். டியூட்டி இருந்தது உண்மைதான். கவச உடையை மாட்டினால் எட்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. ஆனால் நான் போனை எடுக்காததற்கு அது காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை மாடி அறையில் சாப்பிட உட்கார்ந்தோம். என்னோடு தங்கியிருக்கும் ஜாஸ்மினை உனக்குத் தெரியும், தர்மபுரி டவுன் பாய் வீட்டுப் பெண், என்னோடு படித்தவள், இங்கேயும் என் வார்டுதான். அவள் போனுக்கு அவள் மாமா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், காய்கறி, பழம் கொண்டாற பாய்ங்க வண்டியில யாரும் எதுவும் வாங்க வேணாம். எச்சி துப்பித் தர்றதா தகவல். வண்டிய ஊருக்குள்ளயே வுட வேணாம்."

ஜாஸ்மின் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். "யாருடி இந்தப் பாவி? நம்மூருப் பேச்சா இருக்குது" என்றாள். நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

அந்தக் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியுமா அண்ணா? பதிலைப் போனில் சொல்லாதே, பேப்பரில் எழுது. போனில் வாய் முந்திக்கொள்கிறது. நம் ஊர் முனியப்பன் வாரம் இரண்டு முறை தக்காளி லாரி ஓட்டிக்கொண்டு இங்கே மார்க்கெட்டுக்கு வருகிறார். தபால் சரியாக ஓடும்வரை அவரிடம் கொடுத்தனுப்பு.

கவுஸ் அண்ணன் குடும்பம் சௌக்கியமா? அவர் வண்டி இப்போது நம் ஊருக்கு வருகிறதா?

உன் தங்கை,
நிர்மலா


ஊத்துக்கொட்டாய்
நல்லம்பள்ளி வழி
20.4.2020

பாசமுள்ள தங்கை நிர்மலாவுக்கு,

மாது எழுதுவது. நானும் உன் அண்ணியும் கபசுரக் குடிநீரைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போய்க் கிடக்கிறோம், மற்றபடி குறைவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணல் மாணலாக இருந்தால் சிரிக்காதே.

ஊர் சேதி கேள். வாசலுக்கு வாசல் வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். ஊர் முகப்பில் கருவேலமுள் வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தாயிற்று. வெளியூர்க்காரன் எவனும் உள்ளே வர முடியாது, உள்ளூர்க்காரன் வெளியே போனால் திரும்பி வர முடியாது, முனியப்பனின் தக்காளி லாரிக்கு மட்டும் வழி விடுகிறார்கள். பஞ்சாயத்தில் நம் ஆட்டோவையும் மைக் செட்டையும்தான் எடுத்திருக்கிறார்கள். காலை மாலை இரண்டு வேளையும் முகக்கவசம் போடு, கை கழுவு என்று நான்தான் கத்திக்கொண்டு போகிறேன். திருவிழா, கல்யாணம் எல்லாம் நின்றுபோன நேரத்தில் மாது சவுண்ட் சர்வீசுக்கு இது ஒன்றுதான் ஓடுகிறது.

நீ கேட்ட வாய்ஸ் மெசேஜ் இங்கேயும் வந்தது. எவனோ எங்கேயோ பேசி அனுப்பியது. இப்பொழுதெல்லாம் யார் குரலை வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுகிறார்களாம், டி.வி.யில் காட்டினார்கள். அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

கவுஸ் வண்டி பத்து நாளாக வரவில்லை. முள் போட்ட இடத்தில் பையன்கள் அவன்மேல் மருந்துத் தண்ணீர் அடித்துவிட்டார்கள். விளையாட்டுக்குத்தான். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் பயம் இருக்கும் இல்லையா?

அண்ணிக்கு மாத்திரை இருக்கிறது. கவலை வேண்டாம்.

இப்படிக்கு உன் அண்ணன்,
மாது


பெங்களூரு
3.5.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதை உருண்டை பிடித்து எனக்கு வேறு ஊட்டுகிறாய்.

அந்த மெசேஜில், பேச்சு தொடங்கும் முன், மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு சின்னச் செருமல் செருமி, "ஹலோ" என்ற சத்தம் வருகிறது. போனில் பேசும்போது யாராவது மைக்கைத் தட்டுவார்களா? தட்டுகிற ஆள் நம் மாவட்டத்திலேயே ஒருவர்தான். நான் தொட்டிலில் கிடந்தபோதிலிருந்து கேட்கிற செருமல் அது. அதைச் செய்ய எந்தக் கம்ப்யூட்டரும் இன்னும் வரவில்லை.

நர்சிங் காலேஜில் எனக்கு இடம் கிடைத்த வருசம் என் டிரங்குப் பெட்டியைச் சேலத்துக்குக் கொண்டுபோக ஆளில்லாமல் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கவுஸ் அண்ணன்தான் வெங்காய மூட்டைக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டுவந்தார். முதல் வருசம் முழுக்க என் துணியெல்லாம் வெங்காய வாசனை. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அது நம் ஊர் வாசனையாக இருந்தது.

மருந்துத் தண்ணீர் என்றால் என்ன மருந்து? எங்கே பட்டது? விளையாட்டு என்று எழுதியிருக்கிறாயே, யாரெல்லாம் விளையாடினார்கள்?

உண்மையை எழுதினால் மட்டும் முனியப்பனிடம் கொடு.

நிர்மலா


ஊத்துக்கொட்டாய்
18.5.2020

பாசமுள்ள நிர்மலாவுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

குரல் என்னுடையதுதான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆனது. நாலு பேப்பர் கிழித்துப் போட்டேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், நியாயம் சொல்வதற்கு இல்லை. வேலை கிடையாது. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, நடுவில் டி.வி.யும் போனும்தான். ஊர் குரூப்பில் நாள் ஒன்றுக்கு ஐம்பது அறுபது வரும். எச்சில் துப்புகிற வீடியோ, நோட்டில் தடவுகிற வீடியோ. எந்த ஊர், எந்த வருசம் என்று ஒருவனும் கேட்கவில்லை. டி.வி.யில் சூட்டு கோட்டுப் போட்டவர்களே ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டிப் பேசும்போது எனக்கு என்ன தெரியும்? அன்றைக்குக் குரூப்பில் ஒருத்தன், "மாதுண்ணா, இத உங்க வாயால ஒருக்கா சொன்னா நல்லா இருக்கும்" என்று போட்டான். எனக்கு அது பெருமையாக இருந்தது. நம் செட்டை ஆன் செய்து, அறிவிப்புச் சொல்கிற மாதிரியே சொல்லி, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம். மூன்று பேர் கை தட்டுகிற படம் போட்டார்கள்.

என் புத்திக்கு ஒன்று எட்டவில்லை. இருபத்திரண்டு வருசமாக இந்தக் குரலில்தான் ஊருக்குத் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்கிறேன், ரேஷன் சொல்கிறேன், சாவு சொல்கிறேன். இந்தக் குரலில் வந்தால் அது பஞ்சாயத்து உத்தரவு என்றுதான் சனங்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்தில் பாலக்கோடு போய்விட்டது. சாயங்காலம் ஒகேனக்கல் மீன்கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "மாது, ஆர்டர் எப்ப வந்திச்சு?" என்று கேட்கிறார். அப்போதாவது அழித்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கெட்டால் பரவாயில்லை.

தூக்கம் வரவில்லை பாப்பா. ஜாஸ்மினிடம் என் பேரைச் சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் நல்லதுதான்.

உன் அண்ணன்,
மாது


ஊத்துக்கொட்டாய்
2.7.2020

நிர்மலாவுக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. முனியப்பனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கையைப் பார்க்கிறேன், வெறும் கையாகத்தான் வருகிறார். உனக்கு உடம்பு எப்படியோ என்று அண்ணி தினமும் அழுகிறாள். கோபம்தான் காரணம் என்றால் சந்தோசம், கோபமாகவே இரு.

போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

கவுஸ்மேல் தண்ணீர் அடித்த அன்று நான் அங்கே நின்றிருந்தேன்.

அவன் அன்றைக்கு வியாபாரத்துக்கு வரவில்லை. பஸ் நின்ற நாளிலிருந்து ஊரில் பதினாலு வீட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டுபோய், காய்கறி வண்டி பாஸை வைத்துத் தர்மபுரியில் மருந்து வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஏப்ரல் எட்டாம் தேதி காலையில் அந்தப் பையோடுதான் வந்தான். முள்ளுக்கு அந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு, "நான் உள்ள வரலீங்க, பைய மட்டும் எடுத்துக்கங்க" என்றான். பையன்கள் கேட்கவில்லை. ஒருத்தன் போனில் என் குரலைப் போட்டான். "பாரு, ஆர்டரு" என்றான். தக்காளிக்கு மருந்தடிக்கிற டேங்கில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி வைத்திருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை அடித்தார்கள். கவுஸ் கண்ணை மூடிக்கொண்டே, "மாதுண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா" என்றான். அவ்வளவு பேர் நடுவில் நான் நிற்பது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஊருக்கே கேட்கிற தொண்டை எனக்கு. அன்றைக்குச் சத்தமே வரவில்லை.

அவன் தடவித் தடவி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பை ரோட்டிலேயே கிடந்தது. எல்லோரும் போன பிறகு நான்தான் எடுத்துவந்தேன். உன் அண்ணி மாத்திரை அட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தாள். மாத்திரை இருக்கிறது, கவலை வேண்டாம் என்று உனக்கு எழுதினேனே, அந்த மாத்திரைதான்.

ஜாஸ்மினிடம் சொன்னாயா என்று கேட்டிருந்தேன். அதற்காவது ஒரு வரி எழுது.

மாது


பெங்களூரு
20.7.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

பிழைத்துவிட்டேன், பயப்படாதே. ஜூன் முழுக்க எனக்கு அந்த வியாதிதான். பதினேழு நாள் காய்ச்சல், நாக்கில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. அண்ணியை அழவேண்டாம் என்று சொல்.

உன் இரண்டு கடிதத்தையும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். முதல் கடிதத்துக்குக் கோபத்தில் பதில் எழுதவில்லை, இரண்டாவதற்குத் தெம்பில்லாமல் எழுதவில்லை.

எனக்கு வந்தது தெரிந்ததும் வீட்டுக்காரம்மா என்னை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மார்ச்சில் நாங்கள் டியூட்டிக்குப் போகும்போது பால்கனியில் நின்று தட்டைத் தட்டிக் கை தட்டியவர்தான். கையில் சானிடைசர் பாட்டில். செருப்பில், பையில், கடைசியில் என் முகத்துக்கு நேராகவும் அடித்தார். எனக்குக் கண் எரிந்தபோது ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். யார் என்று உனக்கு எழுதத் தேவையில்லை.

அறையைக் காலி செய்யச் சொன்னார். ஜாஸ்மின் கீழே இறங்கிப்போய்க் கன்னடத்தில் சண்டை போட்டாள். "அவள் போனால் நானும் போவேன், வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, போலீசுக்கு வாங்க" என்றாள். பிறகு கதவுக்கு வெளியே கட்டிலைப் போட்டுக்கொண்டு பதினேழு நாளும் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவள் அத்தை தர்மபுரியில் மார்க்கெட்டுக்குப் போனபோது காய்க்காரியே காய் தரமாட்டேன் என்றாளாம். கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

எங்கள் வார்டில் எல்லோருக்கும் ஒரே நீலத் துணிதான் அண்ணா. மூச்சு வாங்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் என் கையைப் பிடிக்கிறார்கள். இதை எந்த டி.வி.யிலும் காட்டமாட்டார்கள்.

நீ போய்க் கவுஸ் அண்ணனைப் பார். எனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் உனக்கு மன்னிப்புக் கொடுக்கிற ஆள் கிடையாது.

நிர்மலா


ஊத்துக்கொட்டாய்
5.10.2020

பாசமுள்ள நிர்மலாவுக்கு,

உனக்கு நாக்கில் ருசி திரும்பியதா? நல்லெண்ணெயும் ராகி மாவும் முனியப்பனிடம் கொடுத்திருக்கிறேன். ஜாஸ்மினுக்கும் சேர்த்துத்தான் அண்ணி அரைத்தாள். அந்தப் பெண் உனக்குச் செய்ததை அண்ணிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

கவுஸைப் பார்த்தேன். ஆகஸ்ட்டில் இரண்டு தடவை நல்லம்பள்ளிவரை போய்த் திரும்பிவந்தேன். மூன்றாவது தடவைதான் அவன் வீடுவரை போனேன். தர்மபுரியில் இப்போது வீட்டு முன்னாலேயே பூண்டு உரித்து விற்கிறான். வண்டியைக் கொடுத்துவிட்டான். ஓட்ட முடியாது, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியும் பாதிப் பார்வைதான் மிஞ்சியதாம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் எடுத்துப் போட்டான். அவன் சம்சாரம் நஜ்மா டீ வைத்துக் கொடுத்தது. டீ கையில் இருக்கும்போது எப்படி அழுவது? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் ஆள் போகிறார்களே என்று அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "தப்புப் பண்ணிட்டேன் கவுஸு, மன்னிச்சிரு" என்றேன்.

அவன் பூண்டு உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"தப்ப மைக்குல சொன்னீங்க, மன்னிப்ப காதுல சொல்றீங்களேண்ணா" என்றான்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. நஜ்மா உள்ளே இருந்து, "எங்களுக்கு எதுக்குங்க சொல்றீங்க? நாங்க துப்பலன்னு எங்களுக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயி சொல்லுங்க" என்றது.

டீயை முழுதாகக் குடிக்காமல் வந்துவிட்டேன். நிர்மலா, நான் என்ன செய்யவேண்டும் என்று நீயே எழுது.

மாது


பெங்களூரு
1.11.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

ராகிக் களி செய்தோம், ருசி தெரிந்தது. அண்ணிக்கு நன்றி சொல். ஜாஸ்மினும் இரண்டு உருண்டை சாப்பிட்டு, உங்க வூட்டுக்காரங்க நல்லவங்கடி என்றாள்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கவுஸ் அண்ணனும் நஜ்மா அண்ணியும் சொல்லிவிட்டார்களே. ஆட்டோ உன்னுடையது. செட்டு உன்னுடையது. ஊத்துக்கொட்டாயில் தெரு மொத்தம் ஐந்து.

நிர்மலா


ஊத்துக்கொட்டாய்
28.1.2021

பாசமுள்ள தங்கைக்கு,

பொங்கலுக்கு நீ வருவாய் என்று எதிர்பார்த்தோம். உனக்கு லீவு இல்லையோ, வர மனசில்லையோ, நான் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டாயாமே, கை வலி போயிற்றா? இங்கே அதைப் போட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. நல்லவேளை, அது வேறு எவனோ.

நீ சொன்னதைச் செய்யவில்லை. தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் ஊரில் ஒரு சாவு, அப்புறம் மார்கழி, அப்புறம் பொங்கல். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கிற வேலையா இது என்று நீ கேட்பாய். பயம்தான் பாப்பா. இதே ஊரில்தான் நான் நாளைக்கும் இருக்கவேண்டும். தண்ணீர் அடித்த பையன்கள் எல்லாம் நம் பங்காளி வீட்டுப் பையன்கள். என்னை மட்டும் சொன்னாலும் அவர்களையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். எலக்சன் வருகிறதல்லவா, நம் பிரபாகர் இப்போது கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறான். வந்து, "அண்ணா, பிரசாரத்துக்கு உங்க குரலுதான் வேணும். அந்த பாய் மேட்டரு மெசேஜு மாவட்டமே கேட்டுச்சு. அதே சூட்டோட ஓட்டுக் கேளுங்க, பிச்சிக்கினு போவும்" என்றான்.

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது நிர்மலா. சத்தியமாக இருந்தது. அதற்கப்புறம்தான் கவுஸின் கண் ஞாபகம் வந்தது. ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. சரி பார்க்கலாம் என்றேன்.

மாது


பெங்களூரு
10.2.2021

அண்ணா,

நான் நலம். அண்ணி நலமா?

வேறு எழுத ஒன்றும் இல்லை.

நிர்மலா


ஊத்துக்கொட்டாய்
15.3.2021

என் தங்கை நிர்மலாவுக்கு,

நானும் அண்ணியும் இருக்கிறோம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு வாரமாகப் பேச்சில்லை. அதனால் எழுத வசதியாக இருக்கிறது.

உன் ரெண்டு வரிக் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணி, "ஏங்க, அது கோவமா எழுதினா பரவால்ல. இப்படி எழுதுச்சின்னா நம்மள வுட்டுப்புடுச்சின்னு அர்த்தம்" என்றாள். அவள் இத்தனை நாளாக இதைப்பற்றி ஒன்றும் பேசினதில்லை. அன்றைக்குத்தான், "நானும் அந்த மாத்தரயத் தின்னவதான்" என்றாள்.

மறுநாள் பிரபாகருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் செட்டைக் கட்டினேன். மைக்கைத் தட்டினேன், செருமினேன், ஹலோ சொன்னேன். சொன்னது இதுதான், எழுதிவைத்துப் படித்தேன்:

"இதனால் ஊத்துக்கொட்டாய் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், போன வருசம் ஏப்ரல் மாசம் பாய்ங்க வண்டியில எதுவும் வாங்க வேணாம்னு வந்த வாய்ஸ் மெசேஜு என்னுடையது. அது பஞ்சாயத்து உத்தரவு கிடையாது. அது பொய். நெசமா பொய்யான்னு விசாரிக்காம நான் சொன்னேன். அத நம்பித்தான் நமக்கு மருந்து வாங்கியாந்த முகம்மது கவுஸ் மேல தண்ணி அடிச்சது. அடிச்ச டேங்கு என் வூட்டு டேங்கு. கேட்டாங்க, எடுத்துக்கங்கன்னு நான்தான் கொட்டாயக் காட்டினேன். அவருக்கு ஒரு கண்ணு போச்சு. இதுக்கு நான் பொறுப்பு."

டேங்க் விசயத்தை உனக்கு எழுதினதில்லை. எழுதியிருந்தால் நீ அதற்குமேல் ஒரு கடிதமும் போட்டிருக்கமாட்டாய் என்று பயந்தேன்.

முதல் இரண்டு தெருவில் ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. என் குரல் அவ்வளவு பழகிப்போய்விட்டது. குழாயடியில் ஒரு அக்கா, "தண்ணி எப்ப வருதாம்?" என்று கேட்டது. இன்னொருத்தி, "எட்டு மணிக்குன்னு சொல்றாப்ல" என்றாள். வண்டியை நிறுத்தி, முதலிலிருந்து திரும்பப் படித்தேன். மூன்றாவது தெருவில்தான் கதவு திறந்தது. நாலாவது தெருவில் ஏச ஆரம்பித்தார்கள். முள் போட்டிருந்த இடத்துக்குப் போகும்போது பிரபாகர் பைக்கில் வந்து மைக் ஒயரைப் பிடுங்கினான். "எலக்சன் நேரத்துல பாய் ஓட்டுக்கு வேல பாக்குறியா? எவன்யா சொல்லிக்குடுத்தான்?" என்றான். கட்சி, ஓட்டு இது தவிர ஒரு மனிதனுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறான். போன வருசம் நானும் அந்த ரகம்தான்.

மீதியை வெறுந்தொண்டையில் சொன்னேன். தண்ணீர் அடித்த பையன்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள்.

இப்போது எனக்கு ஊரில் வேலை இல்லை. மாரியம்மன் பண்டிகைக்குத் தொப்பூரிலிருந்து வேறு செட் வருகிறது. அது போகட்டும். ஒன்று மட்டும் ஆறவில்லை. அந்தப் பழைய மெசேஜ் ஒரு மணி நேரத்தில் பாலக்கோடு போயிற்று. இதை நம் குரூப்பில்கூட ஒருத்தனும் போடவில்லை. நானே போட்டேன், அட்மின் என்னைக் குரூப்பிலிருந்தே எடுத்துவிட்டான். கவுஸ் காதுக்குப் போயிற்றா தெரியாது. நானாகப் போய்ச் சொன்னால் மறுபடியும் காதில் சொன்ன மாதிரிதான் ஆகும்.

அண்ணி தன் போனில் பிடித்துவைத்திருக்கிறாள். உனக்கு அனுப்புகிறாளாம். போனில் எதுவும் வேண்டாம் என்று நீ சொன்னது அவளுக்குத் தெரியும், ஆனாலும் அனுப்புவேன் என்கிறாள். கேட்க மனம் இருந்தால் கேள்.

தொண்டை சரியானதும் ஒருநாள் போன் செய்யட்டுமா?

உன் அண்ணன்,
மாது


பெங்களூரு
27.3.2021

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் குடி. வார்டு மறுபடியும் நிறைய ஆரம்பித்துவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் வெளியே போகாதீர்கள்.

அண்ணி அனுப்பியது வந்தது. மொட்டை மாடியில் தனியாக நின்று மூன்று முறை கேட்டேன். டேங்க் என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதையும் என்னிடம் மறைத்தாயே என்று உனக்குக் காரமாக ஒரு கடிதம் எழுத மனதிலேயே தொடங்கியும்விட்டேன்.

பிறகு அறைக்கு வந்து ஜாஸ்மினுக்குப் போட்டுக்காட்டினேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். "இது அதே ஆளு" என்றாள். "அந்தச் செருமல என்னால மறக்கவே முடியாது. உனக்கு எப்படிடி வந்துச்சு?"

"எங்கண்ணி அனுப்புனாங்க. அது எங்கண்ணன்" என்றேன்.

அவள் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து துணி மடித்த பிறகு, "எப்பத்துலருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே."

"நான் சோத்துல கைய வச்சிக்கினு யாருன்னு கேட்டப்பவே?"

"ஆமா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணா. மடித்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்கண்ணன் ஊருக்கே சொல்லிட்டாரு. நீ பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கினு ஒரு வருசம் சொல்லலியேடி."

ஜாஸ்மினிடம் சொன்னாயா என்று நீ இரண்டு முறை கேட்டிருந்தாய். இரண்டு முறையும் அந்த வரி கண்ணில் படாதவள் மாதிரி தாண்டிப் போனேன். ஐந்து தெருவில் சொல் என்று உனக்கு எழுதினேன். நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டிலுக்கு. அவள் வைத்த கஞ்சியைக் குடித்தேன், உங்க வூட்டுக்காரங்க நல்லவங்கடி என்று அவள் சொன்னபோது ஆமாம் என்றேன்.

நேற்று அவள் வேறு வார்டுக்கு மாற்றிக் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டாள். அறையில் இருக்கிறாள், கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறாள். காலையில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "அவருக்குக் கண்ணு எப்படி இருக்குது?" பாதிப் பார்வை என்றேன். பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அந்த மெசேஜை அவள் தன் மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் வழியாகக் கவுஸ் அண்ணன் தெருவுக்கும் போயிருக்கும். ஆகவே போகவில்லையே என்று கவலைப்படாதே.

போன் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. ஒரு வருசம் உன் குரலைக் கேட்கக் கூசித்தான் போனை எடுக்காமல் இருந்தேன். இப்போது உனக்கு என் குரலைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. கொஞ்ச நாள் எழுதிக்கொண்டே இருப்போம்.

உன் தங்கை,
நிர்மலா